பதினொரு கல் படுக்கைகள்

அன்பு மகனுக்கு,

அன்றைக்கு அந்தப் பாறைக் குகையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் அப்பா ஒரு விதமாகவும் உன் சின்னம்மா ஒரு விதமாகவும் உனக்குத் தனித்தனியே எழுதிக் கணக்கைக் குழப்பிவிடுவார்கள். நான். உன் அப்பா, ஆலையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, உன் கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டோடு. என் தங்கை, அதாவது உன் சின்னம்மா, முந்தின நாளே மூலக்குளத்திலிருந்து மூட்டையோடு வந்துவிட்டவள். உன் மனைவி பிலோமி. பிறகு வந்து சேர்ந்தவர் அந்த ஊர் நயினார் வீட்டு அம்மாள் ஒருவர். வண்டிக்காரர் மலை ஏறவில்லை, கீழே மாடுகளோடு இருந்துவிட்டார், ஆனால் நாங்கள் போட்ட சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டதாம், ஆகையால் அவரை அரை ஆளாக வைத்துக்கொள். ஆக ஐந்தரைப் பேர். கல் படுக்கைகள் பதினொன்று. மெழுகுதிரிகள் இரண்டு. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

கிறிஸ்மசுக்கு முன்னால் வந்த உன் கடிதத்தில் நீ இரண்டு காரியம் கேட்டிருந்தாய். ஒன்று, சைகோனில் உன் ஆபீசு துரை ஒரு போட்டோவைக் காட்டி, மலைமலையாகக் குவிந்து கிடக்கும் இந்தப் பாறைகள் உங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்திலே செஞ்சியில்தானே இருக்கின்றன, நீ போயிருப்பாயே என்று கேட்டதாகவும், போனதில்லை என்று சொல்ல உனக்கு வெட்கமாய்ப் போனதாகவும் எழுதியிருந்தாய். நீங்களாவது போய்ப் பார்த்து எழுதுங்கள் அம்மா, பிலோமியையும் அழைத்துக்கொண்டு போங்கள் என்றாய். இரண்டாவது காரியத்தைக் கடிதத்தின் அடியில், பொடி எழுத்தில், பயந்து பயந்து எழுதியிருந்தாய்: பிலோமிக்கு உடம்பு தேவலையா, பாஸ்குத் திருநாள் முடிந்து புறப்படும் கப்பலில் அவளை அனுப்ப ஆகுமா ஆகாதா. நீ பயந்ததற்குக் காரணம் நான். நவம்பர் மாதம் நான்தான் உனக்கு, அவளுக்குக் காய்ச்சல், உடம்பு மெலிந்துவிட்டது, கடல் ஆகாது என்று எழுதினேன். அந்தக் காய்ச்சலைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியது இருக்கிறது. ஆனால் முதல் கேள்விக்கு முதலில்தான் பதில். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும். வரிசையாக வா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் அறையில் கூடுகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதை உரக்க வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கமான இடங்களும் இதில் வரும். அவற்றையும் விடாமல் வாசி. அவர்களுக்கும் ஊரில் அம்மாமார் இருக்கிறார்கள்.

மூன்று இராசாக்கள் திருநாள் கழித்து மூன்றாம் நாள் புறப்பட்டோம். திண்டிவனம் போகிற மோட்டாரில் எங்களுக்குப் பின் பெஞ்சு கிடைத்தது. எல்லைச் சாவடியில் இங்கிலீசுக்காரன் சேவகர்கள் ஏறி, பிரான்சுச் சரக்கு ஏதாவது கடத்துகிறோமா என்று மூட்டை மூட்டையாய்ப் பிரித்துப் பார்த்தார்கள். உன் சின்னம்மாவின் மடியில் ஒரு தகர டப்பா, துணி சுற்றி, கயிறு கட்டி, அதன்மேல் இன்னொரு துணி சுற்றி இருந்தது. அவ்வளவு பத்திரமாய் இருந்தால் சேவகனுக்கு ஆசை வராதா? "இன்னாம்மா இது, சாராயமா?" என்று கேட்டான். "தொறந்து பாருங்க தம்பி, ஆனா மூஞ்சிய கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க" என்றாள் இவள். அவன் கிட்டத்தில் வைத்துத்தான் திறந்தான். வஞ்சிரக் கருவாட்டு வறுவல். மோட்டார் முழுக்க வாசனை. அதற்குப் பிறகு எங்கள் மற்ற மூட்டைகளை அவன் தொடவேயில்லை. பிலோமி முந்தானையை வாயில் வைத்து அடக்கி அடக்கிச் சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, மகனே. நம் வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. இதை ஒரு குற்றமாகவே என் பெயரில் எழுதிக்கொண்டேன்.

அன்று திண்டிவனத்தில் சின்னம்மாவின் ஓர்ப்படி வீட்டில் தங்கி, மறுநாள் முதல் மோட்டாரில் செஞ்சிக்குப் போனோம். இனி, உன் துரைக்குச் சொல்வதற்காகக் கேட்டுக்கொள். நம் ஊரில் தரை தட்டையாக இருக்கிறது, கடல் தட்டையாக இருக்கிறது, பிறந்தது முதல் நான் ஏறின பெரிய உயரம் கோயில் பாட்டு மேடைதான். அங்கே மலை என்றால் மண் மேடு அல்ல. பாறை. பாறைமேல் பாறை. யாரோ ஒரு பெரிய கூடை கருணைக்கிழங்கைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டு அப்படியே போய்விட்டதுபோல் ஒரு குன்று. பக்கத்துக் குன்றில் வீட்டளவு உருண்டை ஒன்று சின்னக் கல்லின்மேல், இடுப்பில் வைத்த பிள்ளைபோல், விழுவேன் விழுவேன் என்று நிற்கிறது, விழவில்லை. மழைத் தண்ணீர் வழிந்த இடமெல்லாம் கருங்கோடு, சோற்றுப் பானை பொங்கி வழிந்து காய்ந்த மாதிரி. காலை வெயில் பட்டபோது அத்தனையும் இளஞ்சிவப்பாக மாறிற்று. உன் அப்பா கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "சிருஷ்டி முடிஞ்சு மிச்சம் மீதி கல்லெல்லாம் இங்கதான் கொட்டிட்டாரு போலக்குது" என்றார். சர்வேசுரனைப் பற்றி அப்படிப் பேசலாமா என்று கடிந்துகொண்டேன். ஆனால் எனக்கும் அதேதான் தோன்றியது. வீடு கட்டி முடித்தவர்கள் மிச்சக் கல்லை வீசிவிடமாட்டார்கள், ஒரு மூலையில் அடுக்கிவைப்பார்கள். அவரும் அடுக்கித்தான் வைத்திருக்கிறார்.

கோட்டையைக் கீழிருந்தே பார்த்தோம். பிறகு வண்டிக்காரர்தான், இரண்டு மைல் தள்ளி ஒரு சின்ன மலை இருக்கிறது, அதிலே மனிதர் குடியிருக்கப் பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். யார் குடியிருந்தார்கள் என்று கேட்டதற்கு, "அந்தக் காலத்து ஆளுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். மலையடியில் இறங்கினோம். ஏறுகிற வழி வெறும் பாறை. கால் வைக்க மட்டும் சின்னச் சின்னக் குழியாய் வெட்டியிருக்கிறார்கள், ஒரு பாதம் முழுதாய் அடங்காது. எழுபத்தொரு குழி எண்ணினேன். உன் சின்னம்மா இருபதாவது குழியில் உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டாள், நாற்பதாவது குழியில் என்னைத் திட்டினாள். பிலோமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ரெட்டியார்பாளையத்துக் கிணற்றடிக்குப் போவதுபோல் போனாள். மேலே போய் நின்று திரும்பி, "வாங்க அத்த, காத்து அடிக்குது!" என்று கூப்பிட்டாள். உடம்பு மெலிந்தவள் என்று நான் எழுதின பெண் அவள்தான். அவள் அப்படி நிற்கிறதைப் பார்த்து அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினேன்.

மேலே ஒரு பெரிய பாறை முன்பக்கம் வளைந்து கூரைபோல் கவிந்திருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி விளிம்பில் நீளமாய் வாய்க்கால்போல் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுத் தாழ்வாரத்துக்குத் தகரம் அடித்த கொல்லனுக்கு அந்தப் புத்தி இல்லை. உள்ளே குனிந்து போனால் குளிர்ச்சி. கண் பழகினதும் பார்த்தோம்: தரைப் பாறையிலேயே, ஆள் நீளத்துக்கு, வழவழவென்று இழைத்த மேடைகள், வரிசையாய்ப் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நாலு விரல் உயரம் கல்லைத் தூக்கலாய் விட்டிருக்கிறார்கள். நம் கோயிலுக்குள் பழைய குருக்களைப் புதைத்த கல் இருக்கிறதே, அதேதான் எனக்கு நினைவு வந்தது. "அக்கா, கல்லற" என்று சின்னம்மா மெதுவாய்ச் சொன்னாள். உன் அப்பா தலைப்பாகையைக் கழற்றினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அந்தக் காலத்துல செஞ்சிக் கோட்டைய நம்ம பிரான்சுக்காரன் புடிச்சு வச்சிருந்தான். அப்ப சண்டையில செத்த சொல்தாங்க இவங்க. அனாதையா விட்டுட்டுப் போயிருக்காங்க பாரு" என்றார். கடைசியாய் இருந்த மேடை மற்றதைவிட ஒரு சாண் நீளம். "இவரு கப்பித்தேன், இவங்களுக்கெல்லாம் தலைவரு" என்றார்.

நீ சிரிக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் நீயும் முழங்காலில் நின்றிருப்பாய். தாய் தகப்பனை விட்டுக் கப்பலேறி வந்து, தூர தேசத்துப் பாறையில், பேர்கூட எழுதாமல் கிடக்கிற பிள்ளைகள் என்று நினைத்ததும் என் கை பைக்குள் போயிற்று. கப்பலேறிப் போன பிள்ளை எனக்கும் ஒருவன் இருக்கிறானே. மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த திரித் துண்டுகள் இரண்டு, இடிக்கும் புயலுக்கும் துணையாக, எப்போதும் என் பையில் இருக்கும். அவற்றைக் கொளுத்தி இரண்டு பக்கமும் வைத்தேன். ஆளுக்கொரு பரலோக மந்திரம், ஒரு பிரியதத்த மந்திரம் என்று முதல் கல்லிலிருந்து வரிசையாய்த் தொடங்கினோம். கப்பித்தேனுக்கு மட்டும் அப்பா இன்னொன்று சேர்க்கச் சொன்னார். மரித்தவர்களின் இளைப்பாற்றிக்கான செபத்தைச் சின்னம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவள் அழுதால் நானும் அழுவேன், அது சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஒன்பதாவது கல்லில் இருக்கும்போது வெளிச்சம் மறைந்தது. வாசலில் ஒரு அம்மாள், என் வயசு இருக்கும், ஒரு கையில் விளக்குமாறு, ஒரு கையில் பித்தளைச் செம்பு. நாங்கள் முழங்காலில், கண்ணீரோடு, மெழுகுதிரி வேறு. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். "யாரும்மா நீங்கள்லாம்? யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"பிரான்சு சொல்தாங்கம்மா" என்று அப்பா துக்கமாய்ச் சொன்னார். "பதினோரு பேரு."

"அய்யய்யோ! எப்போ?"

"ஆச்சு, நூத்தம்பது எரநூறு வருசம்."

அந்த அம்மாள் செம்பைக் கீழே வைத்தார். எங்களையும் பார்த்தார், கல்லையும் பார்த்தார், மெழுகுதிரியையும் பார்த்தார். பிறகு விளக்குமாற்றையும் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். "கல்லற இல்ல தாயி! படுக்க! எங்க சாமிங்க படுத்துத் தூங்கின கட்டிலு! அதோ பாருங்க, தலவாணி" என்று அந்த நாலு விரல் தூக்கலைக் காட்டினார். சமணச் சாமியார்கள் அந்தக் காலத்தில் மழை மாதங்களில் தங்குவதற்காகச் செதுக்கினதாம். நயினார்கள் என்று நாம் சொல்லுகிற சமணக் குடும்பங்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவர்களில் இவர் வீட்டு முறை, மாதத்துக்கு ஒருநாள் வந்து குகையைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்களாம். உன் அப்பா மெதுவாய்த் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை என்று நினைத்து, கப்பித்தேனை ஒருதரம் முறைத்தார்.

"அப்ப இவ்ளோ நேரம் செபிச்சது வீணாப் போச்சா?" என்று சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். அந்த அம்மாள் நல்ல மனுஷி. சிரிப்பை நிறுத்தி, "வீணா எப்படிப் போவும்? பழைய காலத்துல ஒரு சாமி இங்க பட்டினி நோம்பிருந்து உசுர விட்டாருன்னு சொல்லுவாங்க. அவருக்குன்னு வச்சுக்குங்க. வேணாம்னு சொல்லமாட்டாரு" என்றார். நான் அதைப் பற்றி யோசித்தேன், மகனே. ஊருக்குத் திரும்பியதும் நம் கோயில் சுவாமியாரிடமும் கேட்டேன், அவர் சிரித்தாரே ஒழியக் கோபிக்கவில்லை. விலாசம் தப்பாய் எழுதின கடிதத்தையும் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கிறவர் சர்வேசுரன் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான் அந்த அம்மாளைக் கேட்டேன்: "மழ மாசம் முடிஞ்சா?" "நடந்துடுவாங்க. ஒரே எடத்துல ஒக்காரக்கூடாது அவங்க. ஊரு ஊரா போயிட்டே இருக்கணும்." "அப்ப இந்தக் கட்டிலு?" "கெடக்கும். கல்லு எங்க போவுது? வர்றவங்க படுப்பாங்க." அவர் சாதாரணமாய்த்தான் சொன்னார். நான் உடனே, "எவ்வளவு பாடுபட்டுச் செதுக்கினது, சும்மா கிடக்கிறதே" என்று சொல்லிவிட்டேன். அப்போது பிலோமி, சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நம்ம வூட்லயும் ஒண்ணு அப்பிடித்தான் கெடக்குது அத்த. தெனமும் வெளக்கேத்தறோம்."

சின்னம்மா "ஐயோ!" என்று வாயைப் பொத்தினாள். அப்பா பாறையின் கூரையைப் பார்த்தார். பிலோமி புளிச்சோற்றை உருண்டை பிடித்து முதல் உருண்டையை என் கையில் வைத்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை, கொஞ்சம் குறும்பு மட்டும்தான்.

இது உனக்கு விளங்காது, ஏனென்றால் இதை நான் உனக்கு எழுதவில்லை. நீ கலியாணத்துக்கு வந்து ஒன்றரை மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போன அன்றிலிருந்து உன் கட்டிலை நான் யாரையும் தொடவிட்டதில்லை. தினம் காலையில் விரிப்பை உதறி, வெள்ளைத் துப்பட்டியை நாலு மூலையும் இழுத்துச் செருகி, தலைமாட்டில் அந்தோனியார் படத்துக்குச் சாயங்காலம் விளக்கேற்றி வைப்பேன். நீ திரும்பி வருகிறவரை அப்படியே இருக்கவேண்டும் என்று ஒரு நேர்ச்சை மாதிரி. பிலோமி அந்தக் கட்டிலின் கால்மாட்டில் பாய் போட்டுப் படுத்தாள். மழைக்காலத்திலும் தரையில்தான் படுத்தாள். அந்த மூன்று நாள் காய்ச்சலும் அதனால் வந்ததுதான், மூன்றே நாள், மகனே, நாலாம் நாள் எழுந்து அரிசி புடைத்தாள். நான் அந்த மூன்று நாளை எடுத்து மூன்று மாதமாக நீட்டி உனக்கு எழுதினேன். அவள் இருந்தால் நீ வருவாய். அவளையும் அனுப்பிவிட்டால் எதற்காக வருவாய்? இதுதான் என் கணக்கு. எனக்குக் கலியாணமான புதிதில், என் தங்கைக்கு அம்மை, துணைக்கு ஆள் இல்லை என்று சொல்லி என் அம்மா என்னை மூன்று மாதம் உன் அப்பா வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். நான் ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டேன் என்று செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்ததுபோல் இருந்தேன்.

இனி இறங்கின கதை. அதுதான் பெரிய கதை. ஏறும்போது முகம் பாறையைப் பார்த்து இருந்தது. இறங்கத் திரும்பினேன், கீழே வண்டி தீப்பெட்டி அளவு, மாடு இரண்டும் எறும்பு. அவ்வளவுதான். கால் இரண்டும் பாறையோடு பாறையாகிவிட்டன. உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிம்மே, ஒண்ணுமில்ல" என்று முன்னே இறங்கிவிட்ட உன் அப்பா கீழிருந்து கத்தினார். "உங்களுக்கென்ன, கீழ நிக்கறீங்க!" என்று நான் மேலிருந்து கத்தினேன். "நான் இங்கியே இருந்துக்கறேன், கட்டிலு பதினொண்ணு இருக்குது" என்றேன். அப்பா தூக்கிக்கொண்டுபோக ஊரிலிருந்து நாலு ஆளை அழைத்து வரவா என்று கேட்டார். நாலு ஆள் போதுமா என்று சின்னம்மா கேட்டாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிலோமி மூட்டையைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் பாறையில் பின்பக்கமாய் இறங்கி நின்றாள். "திரும்பிக்குங்க அத்த. பாறைய பாருங்க. கீழ பாக்காதீங்க" என்றாள். என் வலது கணுக்காலைக் கையால் பிடித்து, இறக்கி, குழியில் வைத்து அமுக்கினாள். "வலது வச்சாச்சு." பிறகு இடது. "இடது வச்சாச்சு." ஒவ்வொரு காலையும் அவள் வைத்தாள், நான் வைக்கவில்லை. பாதி வழியில் நான் மாதாவைக் கூப்பிடத் தொடங்கினேன். "பயப்படாதீங்க அத்த" என்றாள். "கடல் ஆகாத பொண்ணு புடிச்சிக்கினு இருக்கேன்."

மகனே, நான் அந்தப் பாறையில் அப்படியே நின்றுவிட்டேன். அவளுக்குத் தெரியும். நீ அவளுக்குத் தனியாய் எழுதின கடிதத்தில், உனக்குக் கடல் ஆகாதாமே, அம்மா எழுதியிருக்கிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். அதை அவள் நவம்பர் கடைசியிலிருந்து மனசில் வைத்துக்கொண்டு, எனக்குக் கால் பிடித்துவிட்டு, கோழிக்குத் தீனி போட்டு, அந்தோனியாருக்கு எண்ணெய் ஊற்றி இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை உனக்குத் திருப்பி எழுதவில்லை, ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. "தெரியுமா உனக்கு?" என்றேன் பாறையிடம். "தெரியும் அத்த. எடது கால தூக்குங்க" என்றாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். "சத்தம் போட்டுக்கூட திட்டக்கூடாதா என்ன?" என்றேன். "இப்ப திட்னா வுழுந்துடுவீங்க. வூட்டுக்குப் போயி திட்றேன்" என்றாள். ஏறும்போது குழி எழுபத்தொன்று என்று எழுதியிருந்தேன் அல்லவா? இறங்கும்போது எத்தனை என்று எனக்குத் தெரியாது. எண்ணவில்லை. உன் அப்பா கீழே நின்று கை தட்டினார், வண்டிக்காரரும் தட்டினாராம்.

நயினார் வீட்டு அம்மாள் எங்களைச் சும்மா விடவில்லை. பொழுது இறங்குவதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிடவேண்டும், அதனால் நீங்களும் இப்போதே வந்து சாப்பிடுங்கள் என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். கருவாட்டு டப்பா அந்த வீட்டு வாசல் தாண்டக்கூடாது என்பது எங்களுக்கே தெரிந்தது. வண்டிக்காரரிடம் பத்திரமாய்க் கொடுத்தோம். அவர் மிகவும் பத்திரமாய்ப் பார்த்துக்கொண்டார், டப்பா கழுவித் துடைத்ததுபோல் திரும்பி வந்தது. வெங்காயம் பூண்டு இல்லாமல் அவ்வளவு ருசியாய் ஒரு பருப்பு நான் தின்றதில்லை. பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிலோமிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவள் கையால் நீ சாப்பிடுவாய். பார், உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் என் பேனாவிலிருந்து தானாக வந்துவிட்டது.

ஆகும், மகனே. அவளுக்குக் கடல் ஆகும். ஆகாதது எனக்குத்தான்.

வீட்டுக்கு வந்த அன்றே கட்டிலின் வெள்ளைத் துப்பட்டியை உருவி எறிந்துவிட்டு, புது விரிப்புப் போட்டு, இனி இது உன்னுடையது என்று அவளிடம் சொன்னேன். முதல் நாள் தூக்கமே வரவில்லையாம், உயரமாய் இருக்கிறதாம். இப்போது காலையில் நான் போய் எழுப்பவேண்டியிருக்கிறது. அவள் புறப்பட்ட பிறகு கட்டிலை என்ன செய்வது என்று அப்பா கேட்டார். முற்றத்தில் போட்டால் வடாம் காய வைக்கலாம், நல்ல அகலம் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் வருகிற வருஷம் வடாத்தை எடுத்துவிட்டுத் துடைத்துப் போடுவேன். கட்டில் எங்கே போகிறது?

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது பெரிய வாய் இல்லை. ஆனாலும் தாய் என்பதால் இரண்டொன்று சொல்கிறேன். அவள் மனசில் வைத்துக்கொள்கிற குணக்காரி. சும்மா இருக்கிறாளே என்று எண்ணிக் கணக்கை முடித்துவிடாதே, கேட்டுப் பார். அவள் வேடிக்கையாய் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துப் போய் நினைத்துப் பார். சில இடத்தில் அவள் முன்னால் இறங்கி உன் காலைப் பிடித்து வைக்கவேண்டி வரும். அப்போது ஆண்பிள்ளை என்று முறுக்கிக்கொள்ளாதே, காலைக் கொடு. நானே கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளை வெளியே அழைத்துப் போ, சத்தமாய்ச் சிரிக்கிற மாதிரி இடங்களுக்கு. அந்தச் சிரிப்பை எட்டு மாதம் கேட்காமல் இருந்தவள் நான், எனக்குத் தெரியும் அதன் நஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ முதல்முதல் கப்பலேறின அன்று கடற்பாலத்தில் நான் உன் சாமான்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாலு. படகில் இறக்கினபோது மறுபடி எண்ணினேன், பதினாலு. எண்ணி முடித்து நிமிர்ந்தபோது உன் படகு அலையைத் தாண்டிவிட்டது. உன் நெற்றியில் சிலுவை போட மறந்துவிட்டேன். கலியாணத்துக்கு வந்து திரும்பினபோதும் கூட்டத்தில் அப்படியே ஆயிற்று. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிலோமி புறப்படுகிற அன்று அவள் சாமான்களை உன் அப்பா எண்ணுவார் என்று முடிவாகிவிட்டது. எனக்கு வேறு வேலை இருக்கிறது. அவள் நெற்றியில் இரண்டு சிலுவை போட்டு அனுப்புவேன். ஒன்று அவளுக்கு. மற்றதை அங்கே வந்து இறங்கினதும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்.

எந்தக் கப்பல், எந்தத் தேதி, துணைக்கு வருகிற நம் ஊர்க் குடும்பம் எது, அவளுக்கு எடுக்கவேண்டிய கடுதாசிகள் என்னென்ன என்று தெளிவாய் எழுது. அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இப்போது நானும் அவளோடு நிற்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்தவுடன், அடுத்த கப்பல் தபாலிலேயே, பதில் போடு.

உன் அம்மா